வண்டியின் முகம் ரோட்டைப் பார்த்து: அன்னவாசல் பொட்டலில் ஆறு நாட்கள்

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது புதுக்கோட்டைப் பக்கம் கல்வட்டம் பார்க்கக் கிளம்பும் எண்ணத்தில் இருப்பீர்கள். பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்துச் சுற்றிலும் செம்புராங்கல் என்ற சிவப்புக் கல்லை வட்டமாக நட்டு வைத்த இடங்கள் அவை. பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பதிவு கல்லைப் பற்றியது அல்ல. கல்லுக்கு அடியில் படுத்திருப்பதைப் பற்றியது.

நாங்கள் மூன்று பேர். நான் திருச்சியில் புவியியல் ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். துரைராஜ் சார் நில அளவையில் வேலை பார்த்தவர், அறுபத்து மூன்று வயதிலும் அளவுச் சங்கிலியைக் கையிலிருந்து விடமாட்டார். பெனாசிர் படம் வரைபவள், போட்டோவும் அவள்தான். வருடத்துக்கு இரண்டு முறை கிளம்பிப் போய்க் கல்வட்டங்களை அளந்து, வரைபடமாக்கி வைக்கிறோம். யாரும் கேட்காத வேலை என்று என் தங்கை சொல்வாள். சொல்லிக்கொள்ளட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பொட்டலில் துரைராஜ் சார் வைத்த காலுக்கு அரை அடி தள்ளி ஒரு சுருட்டை விரியன் சுருண்டு கிடந்தது. உடம்பை உரசி 'சர்ர்' என்று ஒரு சத்தம் போட்டது. அவர் காலை எடுத்துவிட்டார், பிழைத்தார். அப்புறம்தான் எங்கள் நிலைமையை எண்ணிப் பார்த்தேன். டிரைவர் சாப்பிடப் போயிருந்தார், வண்டி நான்கு கிலோமீட்டர் தள்ளி நின்றது, போனில் ஒரு கோடு கூட இல்லை, பக்கத்து ஆஸ்பத்திரி எங்கே என்று எங்களில் யாருக்கும் தெரியாது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

அதனால் இந்த மாசியில் அன்னவாசலுக்கு மேற்கே ஒரு கண்மாய்க்கரைக்குப் போனபோது, முதல் நாள் முழுவதையும் பாம்புக்கடிக்கே ஒதுக்கினேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றார்கள், காரணம் பின்னால் புரியும்.

திருச்சியில் காலை 6.10-க்குப் பஸ், 7.35-க்குப் புதுக்கோட்டை. அங்கே ஏற்கெனவே பேசி வைத்திருந்த ஜீப், டிரைவர் செல்வம். ஒரு நாளைக்கு 2,600 ரூபாய், டீசல் தனி. அன்னவாசல் 18 கிலோமீட்டர். அங்கிருந்து தளத்துக்கு 9 கிலோமீட்டர், அதில் கடைசி மூன்று மண்பாதை.

அன்னவாசல் அரசு ஆஸ்பத்திரிக்குள் நான் நோயாளி இல்லாமல் நுழைந்ததே நர்ஸம்மாவுக்கு ஆச்சரியம். விஷமுறிவு மருந்து இருப்பு இருக்கிறதா, ராத்திரியும் டாக்டர் இருப்பாரா, மேலே அனுப்பினால் எங்கே அனுப்புவீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன்.

"யாரைங்க கடிச்சிருக்கு?" என்றார் அவர்.

"இன்னும் யாரையும் கடிக்கலைங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு உட்காரச் சொல்லி, விவரமாகச் சொன்னார். மருந்து இருக்கிறது, முதல் மருந்தை அங்கேயே ஏற்றிவிட்டுப் புதுக்கோட்டைக்கு அனுப்புவார்கள். "வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிருங்க. நாங்க எடுத்து வச்சிருவோம்" என்றார். அந்த நம்பரை எங்கள் நான்கு போன்களிலும் ஏற்றினேன். ஒரு தாளில் எழுதி ஜீப் கண்ணாடியிலும் ஒட்டினேன்.

பிறகு தளத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை கடிகாரம் பிடித்து வண்டி ஓட்டிப் பார்த்தோம். 24 நிமிடம். செல்வத்துக்கு இது பெரிய வேடிக்கை. "மேடம், இன்னும் பாம்பையே பாக்கல, அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ போய்ட்டு வந்துட்டோம்" என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கண்மாய் மடைக்கு மேலே ஏறி நின்றால் மட்டும் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் என்பதையும் அன்றுதான் கண்டுபிடித்தோம். அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டேன்.

எனக்குப் பட்டியல் எழுதுவதில் ஒரு பித்து உண்டு. ஒன்பது விதிகள் எழுதி லேமினேட் செய்து கொண்டு போயிருந்தேன். எல்லாவற்றையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. மூன்று மட்டும் கதைக்கு வேண்டும். வண்டியை எப்போது நிறுத்தினாலும் அதன் முகம் ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும், திருப்பிக்கொண்டிருக்க நேரமில்லை. இது நான்காவது. நாங்கள் எல்லோரும் ஏறாமல் வண்டி தளத்தை விட்டுப் போகக்கூடாது. இது ஐந்தாவது. வண்டி இல்லாத நேரத்தில் யாரும் பொட்டலில் கால் வைக்கக்கூடாது. இது ஏழாவது. ஆளுக்கொரு விசில், முப்பது ரூபாய். மூன்று நீண்ட ஊதல் என்றால் கடி.

இரண்டாம் நாள் காலை ஒத்திகை வைத்தேன். கடிபட்டவராக செல்வம் நடித்தார். கண்மாயின் வரத்து வாய்க்காலில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது, பதினெட்டுப் பெண்கள். டீ நேரமாகப் போய்விட்டதால் அத்தனை பேரும் வேலியோரம் வந்து நின்றுவிட்டார்கள்.

செல்வம் தார்ப்பாயில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு ரொம்ப ஈடுபாட்டோடு முனகினார்.

"ஏத்தா, டிரைவரு போய்ட்டாரா?" என்று ஒரு குரல்.

"இல்லடி, சம்பளத்தோட லீவு."

நான் விடாமல் வாத்தியாரம்மா குரலில் நடத்தினேன். கயிறு போட்டு இறுக்கக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடக்கூடாது. காலை ஆடாமல் எதையாவது வைத்துக் கட்ட வேண்டும், இறுக்காமல். பாம்பைத் தேடிப் போகக்கூடாது. கடித்த நேரத்தை எழுத வேண்டும். வீங்கும் என்பதால் மோதிரம், வாட்ச், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்ற வேண்டும்.

அங்கே சிரிப்பு நின்றது.

முன்னால் நின்றவர் பஞ்சவர்ணம். வேலைக்கு வருகிறவர்களின் வருகையைப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பு அவருடையது. நாற்பது வயதிருக்கும், வெயிலோ நிழலோ ஒரு கறுப்புக் குடை கையிலேயே இருக்கும்.

"மெட்டியக் கழட்டச் சொல்றீங்களா?" என்றார்.

"ஆமாங்க. கால் வீங்குனா வெரலை அறுத்துரும்."

"புருசன் இருக்கையில எப்புடிங்க கழட்டுறது? இங்க பாதிப் பேரு வீட்டுக்காரவுக வெளிநாட்டுல இருக்காக. அவுக அங்கிட்டு இருக்க, நாங்க இங்கிட்டு மெட்டியக் கழட்டுனா, கேக்கவே நல்லாவா இருக்கு?"

இங்கே நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். "உசுரு முக்கியமா, மெட்டி முக்கியமா?" என்று கேட்டேன். வகுப்பில் கேட்கிற தொனியில். பஞ்சவர்ணம் குடையை விரித்தார், எல்லோரும் வாய்க்காலுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். பெனாசிர் என் காதோரம், "அக்கா, கேட்ட கேள்வி சரி, கேட்ட விதம் மோசம்" என்றாள். அது எனக்கே தெரிந்திருந்தது. போய் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லியிருக்கலாம். வீம்பு, போகவில்லை.

அன்றும் மறுநாளும் வேலை நன்றாக நடந்தது. பதினொரு வட்டங்கள் அளந்தோம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஜோடி 450 ரூபாய், உள்ளே கால் வெந்துவிடும். கல்லைப் புரட்டும் முன் ஐந்தடிக் கம்பால் தட்டுவோம். இரண்டு சுருட்டைகளைப் பார்த்தோம், இரண்டும் தங்கள் வழியைப் பார்த்துப் போயின.

நான்காம் நாள். மேட்டுக்கு அந்தப் பக்கம், வண்டியிலிருந்து 1.3 கிலோமீட்டர் தள்ளி இருந்தோம். 10.28-க்கு விசில். ஒன்று, இரண்டு, மூன்று, மூன்றும் நீளம்.

நான் திரும்பி ஆட்களை எண்ணினேன். துரைராஜ் சார், பெனாசிர், நான். மூன்று பேரும் முழுசாக நிற்கிறோம். அப்படியானால் செல்வம். அவருக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, போனில் படம் காட்டியிருந்தார். பொட்டலில் ஓடக்கூடாது என்று நானே எழுதியிருக்கிறேன், ஆகவே ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தோம். அந்த இருபத்திரண்டு நிமிடத்தை என்னால் இப்போதும் சாவகாசமாக நினைக்க முடியாது.

கரைக்கு வந்தால் வண்டி இல்லை. நிறுத்தியிருந்த இடத்தில் டயர் தடம் மட்டும், நேராக ரோட்டுக்கு.

எனக்கு முதலில் வந்தது கோபம் என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ தெரியாது. ஐந்தாவது விதியை மீறி வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போனான் இந்த மனுஷன்? மூன்று நாளாக 'அவர்' என்றே சொல்லிவந்தவள் அந்த நிமிடம் 'அவன்' என்றுதான் நினைத்தேன். நிழலில் நின்ற பெண்களில் ஒருவர் ஓடி வந்தார்.

"டீச்சர், சுமதியப் பூச்சி கடிச்சிருச்சுங்க." இந்தப் பக்கத்தில் வேலைக்காட்டில் நின்றுகொண்டு பாம்பைப் பாம்பென்று சொல்லமாட்டார்கள். "முள்ள அள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தா, எடது காலுல. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சு அனுப்பிட்டோம்."

நீங்கள் சொன்ன மாதிரியே.

அவர்கள் ஆளாளுக்குச் சொன்னதைக் கோத்து எழுதுகிறேன். சுமதிக்கு இருபத்தேழு வயது, கணவர் கத்தாரில். கத்தியதும் முதலில் போய்ச் சேர்ந்தது பஞ்சவர்ணம். சுமதியின் கொழுந்தன் பக்கத்து வயலிலிருந்து ஓடி வந்து துண்டை உருவிக் காலைக் கட்டப் போனார். "கட்டாதப்பா, டீச்சர் கட்டக்கூடாதுன்டுச்சு" என்று பஞ்சவர்ணம் அவர் கையைத் தட்டிவிட்டிருக்கிறார். இன்னொருவர், அடுத்த ஊரில் கடிக்கு மந்திரிக்கிறவர் இருக்கிறார், கூட்டி வருகிறேன் என்று சைக்கிளைத் திருப்பினார். பஞ்சவர்ணம் சொன்ன பதிலை எனக்குச் சொல்லிக்காட்டும்போதே அந்தப் பெண்ணுக்குப் பெருமை தாங்கவில்லை. "அவரு வாரதுன்டா நேரா ஆஸ்பத்திரிக்கு வரட்டும். டாக்டரு ஊசி போடட்டும், இவரு பக்கத்துல நின்டு மந்திரிக்கட்டும்."

காலை ஆடாமல் வைக்கக் குடையை மடக்கி வைத்து, முந்தானையைக் கிழித்துக் கட்டினார்கள். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக. தண்ணீர்ப் பந்தல் தார்ப்பாயை அவிழ்த்து ஆறு பேர் தூக்கினார்கள். ஒரு பெண் மடை மேல் ஏறி, நான் சுண்ணாம்பு வட்டம் போட்ட இடத்தில் நின்று, கண்ணாடியில் ஒட்டியிருந்த நம்பருக்கு நர்ஸைக் கூப்பிட்டார். வருகைப் பதிவேட்டுப் பேனாவால் சுமதியின் உள்ளங்கையில் பஞ்சவர்ணம் எழுதினார்: 10.25. பாம்பைத் தேடி ஒருவரும் போகவில்லை.

செல்வம் விசில் ஊதிவிட்டு எங்களுக்காகத் தயங்கி நின்றிருக்கிறார். "அவுக பூட்ஸு போட்ருக்காக, கம்பு வச்சிருக்காக. நீ எடு வண்டிய" என்று பஞ்சவர்ணம் முன் ஸீட்டில் ஏறிவிட்டார். 10.36-க்கு வண்டி கிளம்பியது. திருப்ப வேண்டியிருக்கவில்லை.

நான் மேட்டைப் பார்த்தேன். சாமான்களை அங்கேயே போட்டுவிட்டு வந்திருந்தோம். எடுத்து வருகிறேன் என்று கிளம்பியவளை அந்தப் பெண் மறித்தார்.

"எங்கிட்டுப் போறீங்க டீச்சர்? வண்டி இல்லைல்ல. இப்ப ஒங்களக் கடிச்சா யாரு தூக்குறது? இங்கனயே உக்காருங்க."

என் ஏழாவது விதி. துரைராஜ் சார் வாய்விட்டுச் சிரித்தார், அந்த நேரத்திலும். நாங்கள் மூன்று பேரும் வேம்படியில் உட்கார்ந்தோம். தூக்குச்சட்டியில் இருந்த கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்தோம். மடை மேல் ஒருவர் மாற்றி ஒருவர் போனோடு நின்றார்கள்.

11.30-க்கு செல்வத்தின் அழைப்பு. 10.59-க்குப் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்தார். உறைந்திருக்க வேண்டும், உறையவில்லை. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். எடுத்து வைத்திருந்த மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். பிற்பகல் ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்கு மாற்றினார்கள். மாலை ஆறு மணிக்கு மேல்தான் அடுத்த தகவல் வந்தது. மறுபடி சோதித்தார்கள், ரத்தம் உறைகிறது.

மடை மேல் நின்ற பெண் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பொட்டல் முழுக்கக் கேட்கும்படி குலவை போட்டார்கள். நான் அழுதேன். பெனாசிர் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள், போட மாட்டேன்.

இரவு செல்வம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "மேடம், அஞ்சாவது ரூல மீறிட்டேன்."

"அந்த ரூல எழுதுனவளுக்குத்தாங்க புத்தி இல்ல" என்றேன். உண்மையும் அதுதான். ஒன்பது விதி எழுதினேன், ஒத்திகை பார்த்தேன், கடிகாரம் பிடித்தேன். அத்தனையிலும் நான் எண்ணிய தலைகள் நான்கு. பூட்ஸ் போட்ட நான்கு தலைகள். ஐம்பதடி தள்ளி, வெறுங்காலோடு முள் அள்ளிக்கொண்டிருந்த பதினெட்டுப் பேர் என் கணக்கிலேயே இல்லை. அவர்கள்தான் என் திட்டத்தைக் காப்பாற்றினார்கள்.

ஆறாம் நாள் திரும்பும் வழியில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். சுமதி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கால் முழங்கால் வரை வீங்கிப் பளபளத்தது. பக்கத்தில் பஞ்சவர்ணம், குடையோடு. எனக்கு உடனே விரல்தான் கண்ணில் பட்டது. இடது காலில் மெட்டி இல்லை.

"கழட்டிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கழட்டலைங்க" என்றார் பஞ்சவர்ணம், வெடுக்கென்று. "மாத்திப் போட்ருக்கு. அந்தக் கால நல்லாப் பாருங்க."

வலது காலின் இரண்டாம் விரலில் இரண்டு மெட்டிகள், ஒன்றன் மேல் ஒன்றாக.

ஒத்திகை நடந்த அன்று மத்தியானச் சோற்று நேரத்தில் அவர்கள் உட்கார்ந்து இதைப் பேசி முடித்திருக்கிறார்கள். கால் வீங்கினால் மெட்டி இருக்கக்கூடாது, டீச்சர் சொன்னது நியாயம். மெட்டி உடம்பை விட்டுப் போகக்கூடாது, அதுவும் நியாயம். அந்தக் காலிலிருந்து இந்தக் காலுக்குப் போனால் இரண்டுக்கும் குறைவில்லை. பதினெட்டுப் பேரும் சரி என்ற பிறகுதான் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்களாம். நான் வீம்பு பிடித்துக்கொண்டு கல்லை அளந்துகொண்டிருந்த அதே மத்தியானம்.

"அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. தப்பு என் மேலதாங்க" என்றேன்.

"கேட்டதுனாலதான டீச்சர் பேசிப் பாத்தோம்" என்றார் பஞ்சவர்ணம். அவருக்குக் கோபம் போய்விட்டதா, இல்லையா என்பதை முகத்தில் காட்டவில்லை.

சுமதி சிரித்தார். "கடிச்சத மட்டுந்தான் அவுகட்ட சொல்லிருக்கேன். மெட்டி எடம் மாறுனத இன்னும் சொல்லல. வீடியோ கால்ல மூஞ்சிய மட்டுந்தான் காட்டுறேன்." கணவர் ஊருக்கு வரும்போது தானே சொல்லிக்கொள்வாராம். ஊர்ப் பெயரை எழுதாததற்குக் காரணம் இதுதான்.

இனி நீங்கள் கிளம்புவதாக இருந்தால். நான் மருத்துவர் இல்லை, ஆகவே போகும் ஊர் ஆஸ்பத்திரியில் முதல் நாளே நேரில் போய்க் கேளுங்கள், சிரித்தாலும் பரவாயில்லை. தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாதீர்கள், நிமிடத்தில் எழுதுங்கள், அதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். பூட்ஸ் வாங்குங்கள், திட்டிக்கொண்டே போடுங்கள். கயிறு, பிளேடு, பச்சிலை, கல் எதுவும் வேண்டாம். கடித்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஆட்டாமல் அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. ஒத்திகையை மறைவாக நடத்தாதீர்கள். ஊர் பார்க்க நடத்துங்கள், கேலி செய்தால் செய்யட்டும். அவர்கள் ஆட்சேபம் சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள், என்னைப் போல வகுப்பெடுக்காதீர்கள்.

என் பட்டியலைத் திருத்திவிட்டேன். ஐந்தாவது விதி இப்போது: கடிபட்டவர் யாராக இருந்தாலும் வண்டி அவருக்கு. பத்தாவதாக ஒன்று சேர்த்திருக்கிறேன்: மெட்டியை மற்ற காலுக்கு மாற்றவும். ஆசிரியையாக முப்பது வருடத்தில் ஒரு மாணவியின் விடையை என் நோட்டில் நானே எழுதிக்கொண்டது இதுதான் முதல் தடவை. சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருக்கிறது.

கிளம்பும்போது எங்கள் நான்கு விசில்களையும் பஞ்சவர்ணத்திடம் கொடுத்துவிட்டு வந்தோம். போன வாரம் அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. சுமதி இன்னும் வேலைக்கு வரவில்லை, ஆனால் வீக்கம் வடிந்து மெட்டி இடது காலுக்கே திரும்பிவிட்டது என்று கீழே செய்தி. படத்தில் சுமதி இல்லை. வேறொரு கண்மாய், புது வேலைத்தளம். பந்தல் காலில் ஒரு விசில் தொங்குகிறது. குடிதண்ணீர் கொண்டுவரும் லோடு ஆட்டோ வரப்போரம் நிற்கிறது, முகம் ரோட்டைப் பார்த்து.